ஷார்ட்ஸ்டாப் இசக்கியப்பனின் தொண்ணூற்றெட்டு சதவீதம்

ஜனவரி 6, வெள்ளி

இந்த டைரி நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று அச்சடித்திருக்கிறார்கள். என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்கள் போல.

என் பெயர் இசக்கியப்பன். சொந்த டைரிக்கு அறிமுகம் தேவையில்லைதான். ஆனாலும் நாளைக்கு யாராவது விளையாட்டு வரலாறு எழுத வந்தால் தேடி அலையக்கூடாது அல்லவா. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விளையாட்டு ஆசிரியர். காமராஜர் பிறந்தநாளுக்குக் கோலமாவு வாங்கப் போவதும் விளையாட்டில்தான் சேரும் என்பது எங்கள் தலைமையாசிரியரின் கொள்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொருநை பேஸ்பால் கழகத்தின் ஷார்ட்ஸ்டாப். பேஸ்பால் என்று சொன்னால் இந்த ஊரில், "பாவம், கிரிக்கெட் வராதோ?" என்று கேட்பார்கள்.

எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. ஊருக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் பேஸ்பால் கோச் வேண்டுமாம். நிரந்தர வேலை. விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் மொத்த ஆட்டக் கணக்கையும், அதே இடத்தில் ஆடுகிற மற்றவர்களோடு ஒப்பிட்டு, மாவட்டச் சங்கத்தின் முத்திரையோடு தரவேண்டும். பிப்ரவரி கடைசியில் முடிவு சொல்லுவார்கள்.

எதிரில் ஒரே ஒரு ஆள்தான். எங்கள் கழகத்திலேயே பந்து போடுகிற ஞானதுரை. அவன் கணக்கை நினைத்தால் எனக்கே பரிதாபமாக இருக்கிறது.

ஜனவரி 7, சனி

ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். தென் மாவட்டங்களில் ஆடுகிற பதினொரு ஷார்ட்ஸ்டாப்புகள்.

வரலாற்று ஆசிரியருக்காகச் சின்ன விளக்கம். பேட்டர் ஓடித் தொடவேண்டிய நாலு இடங்களுக்குப் பேஸ் என்று பெயர்; ஷார்ட்ஸ்டாப் என்பவன் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவன். பேட்டர்கள் அடிக்கிற பந்தில் பாதி அவனைப் பார்த்துத்தான் உருண்டு வரும். பிடித்து முதல் பேஸுக்கு எறிந்தால் பேட்டர் அவுட். பிடிக்க வேண்டிய பந்தை விட்டால் ஸ்கோரர் அவன் பெயரில் 'எரர்' என்று எழுதுவார். யாராலும் பிடிக்க முடியாத பந்து என்று அவர் நினைத்தால் 'ஹிட்' என்று எழுதுவார். அப்போது பழி பந்து போட்டவன் தலையில் விழும். ஆக எல்லாம் ஸ்கோரர் கையில்.

கோவில்பட்டிக்காரன் நூறு பந்துக்கு எண்பத்தெட்டு ஒழுங்காகப் பிடித்திருக்கிறான். நாகர்கோவில்காரன் தொண்ணூறு. விருதுநகரில் ஒருவன் எண்பத்தொன்று. அவன் கிளவுஸ் மாட்டுகிறானா வடைச்சட்டி மாட்டுகிறானா தெரியவில்லை. நான் தொண்ணூற்றெட்டு. இரண்டாவது இடத்தில் இருப்பவன் என்னைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறி வரவேண்டும்.

என் முதல் வருடக் கணக்கு மட்டும் எண்பத்துமூன்று. அது கல்யாணத்துக்கு முந்தி. கல்யாணம் ஆனதும் ஒரே தாவலில் தொண்ணூற்றெட்டுக்குப் போய்விட்டேன். கால்கட்டுப் போட்டால் ஆம்பிளைக்குப் பொறுப்பு வந்துவிடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். என் மனைவி செண்பகவல்லியின் தம்பி கொம்பையா, பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன், மதுரைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து எங்கள் ஸ்கோரர் ஆனதும் அதே வருடம்தான். கழகத்துக்கு ஒரே வருடத்தில் இரண்டு நல்லது நடந்தது.

ஜனவரி 8, ஞாயிறு

முதல் ஆட்டம். தென்காசியோடு. தோற்றோம். ஞானதுரை போட்ட பந்தில் ஒன்பது ஹிட். அதில் நாலைந்து என் பக்கம்தான் வந்தது. மனிதனால் பிடிக்கக்கூடிய பந்துகள் அல்ல. ஒன்று கிளவுஸ் வரைக்கும் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஆட்டம் முடிந்து அவன் மண்ணில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னல, கைரேகை பாக்கியா? கோச் வேலை இருக்கான்னா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நல்லவன். ஐஸ் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். அந்த வேலை அவனுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

எனக்கு எரர் இல்லை.

ஜனவரி 11, புதன்

பள்ளிக்கூடத்தில் பொங்கல் விழா. கரும்பு தூக்கினேன். விளையாட்டுத் துறை.

ஜனவரி 16, திங்கள்

பொங்கலுக்குக் கொம்பையா வந்திருந்தான். மஞ்சள் குலை, பானை, ஒரு சீப்பு நேந்திரம்பழம். வருகிற இருபத்தாறாம் தேதி எங்கள் மகள் ஆதிரைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவளுக்கு முன்னால் அந்த மடிதான் காத்துக்கொண்டிருந்தது போல, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"அத்தான், பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை பச்சையில எடுக்கவா, மாம்பழக் கலர்ல எடுக்கவா?"

"கலர் எதுக்கு மாப்ள? துணி இருந்தாச் சரி" என்றேன்.

வல்லி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேடிக்கை புரியாதவள். பதினொரு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்தியும் தேறவில்லை.

ஜனவரி 22, ஞாயிறு

சங்கரன்கோவிலோடு ஆட்டம். வென்றோம். எனக்கு எரர் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் போட்ட சத்தத்துக்குப் பிள்ளை அலறிவிட்டாள்.

ஜனவரி 26, வியாழன்

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. கோயிலில் எண்பது பேர் இருக்கும். கொம்பையா சீர்த்தட்டு ஏழு வைத்திருந்தான். தேங்காய், பழம், வெற்றிலை, மாம்பழக் கலர் பாவாடை எல்லாம் சரி. கடைசித் தட்டில் குங்குமத்துக்கு நடுவே தங்கத்தோடு. குனிந்து பார்த்தேன். கண்ணுக்கே தட்டுப்படவில்லை.

"மாப்ள, தோடு எங்க வச்ச? தட்டுல ரெண்டு கடுகுதான் கெடக்கு. தாளிக்கக் கொண்டாந்தியோ?" என்று கேட்டேன்.

கோயிலே சிரித்தது. என் பெரியப்பா மகன் ஒருவன், "பூதக்கண்ணாடி கொண்டாங்கடே" என்று சேர்ந்துகொண்டான். கொம்பையாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி குத்தும்போது அவள் வீறிட்டு அழுதாள். அவளோடு சேர்ந்து அவன் கண்ணும் கலங்கியிருந்தது. தாய்மாமன் பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பந்தியில் மட்டும் அவன் உட்காரவில்லை. பால் சங்கத்தில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான். குடியரசு தினத்தன்று பால் சங்கத்தில் என்ன வேலையோ. மாடுகள் கொடியேற்றுகின்றன போலும்.

வல்லி வீட்டுக்கு வந்து பேசவே இல்லை. களைப்பு.

ஜனவரி 29, ஞாயிறு

ராஜபாளையத்தோடு ஆட்டம். வென்றோம். மைதானத்தில் என் பக்கம் மட்டும் மேடும் பள்ளமும். மாநகராட்சிக்கு என் மேல் என்ன கோபமோ.

சாயங்காலம் வாட்ஸப்பில் சங்கத்தின் கணக்கு வந்தது. 'இசக்கியப்பன், எரர் 3.'

மூன்று முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. பதினொரு வருடத்தில் ஒரே ஆட்டத்தில் எனக்கு மூன்று எரர் விழுந்ததே இல்லை. கொம்பையாவுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, கை தவறி எழுதிட்டியா?"

"இல்ல அத்தான். உங்க கைதான் தவறுச்சு."

"அந்த ரெண்டாவது பந்து குதிச்சு வந்துச்சுல்ல?"

"பந்து நேராத்தான் வந்துச்சு. கிளவுஸ்ல பட்டுக் கீழ விழுந்துச்சு. பாத்தேன்."

"என்னப்பா, ஹிட்டுன்னு எழுதுற பந்துதான அது?"

"வச்சிருதேன் அத்தான், பால் வண்டி வந்துருச்சு" என்றான்.

பால் சங்கத்தில் உழைப்பு ரொம்பத்தான் பெருகிவிட்டது.

பிப்ரவரி 5, ஞாயிறு

தைப்பூசம். ஊரே கோயிலில். ஆட்டம் பார்க்க மூன்று பேர் வந்திருந்தார்கள், ஒரு ஆட்டையும் சேர்த்து. தூத்துக்குடியோடு ஆட்டம்.

எரர் 4.

இன்னொன்றும் கவனித்தேன். ஞானதுரைக்கு இந்த இரண்டு ஆட்டத்திலும் மொத்தமே நாலு ஹிட்தான். திடீரென்று அவன் பெரிய பிட்சர் ஆகிவிட்டான். போன மாதம்வரை அடிவாங்கினவன், தைப்பூசத்துக்கு முருகன் அருளால் திருந்திவிட்டானாம். நம்பச் சொல்கிறார்கள்.

விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. கொம்பையா ஞானதுரையோடு சேர்ந்துகொண்டு எனக்குக் குழி பறிக்கிறான். பதினொரு வருடம் நேர்மையாக எழுதிய கை, ஒரு தோட்டுக்காகக் கோணிவிட்டது.

பிப்ரவரி 7, செவ்வாய்

மிக்ஸி ரிப்பேர். வல்லி அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் என்று பேச்சை எடுத்தேன். 

"ஒன் தம்பி பொய்க்கணக்கு எழுதுதான். நீதான் கேக்கணும்."

"என் தம்பி இப்பப் பொய் எழுத மாட்டான்."

"முந்தாநாள் எழுதுனது என்ன?"

"அதத்தான் சொல்லுதேன். இப்ப எழுத மாட்டான்."

என்ன பதில் இது? அரைக்கிற வேகத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். விளையாட்டு சமாசாரத்தைப் பெண்களிடம் பேசுவது என் தவறு.

பிறகு அவளாகவே, "பேசாம ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போயி, பிள்ளைக்குத் தோடு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"பொய் சொல்லச் சொல்லுத" என்றேன்.

அம்மிக்குழவியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சட்னி பாதியில் நின்றது. தொட்டுக்கொள்ள எண்ணெய்.

பிப்ரவரி 9, வியாழன்

சங்கத்துக்குப் புகார் மனு எழுதிக் கொடுத்தேன். எழுதிப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. முக்கியமான வரி இது: 'ஸ்கோரர் திரு. கொம்பையா எனக்கு நெருங்கிய உறவினர் என்பதால், உறவு காரணமாகப் பாரபட்சமாக எழுதுகிறார். அவர் முந்தைய வருடங்களில் எழுதியதையும் இப்போது எழுதுவதையும் வீடியோவுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை வெளிவரும்.'

வீடியோ இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இறுதிப் போட்டியை, இந்த வருடம் கடைசி இரண்டு ஆட்டத்தையும், கல்யாண வீடியோ எடுக்கிற ஆவுடையப்பன் ஆசைக்காக எடுத்து வைத்திருக்கிறார்.

செயலாளர் மைதீன் சார் மனுவை இரண்டு முறை படித்தார். தாடியைத் தடவினார்.

"தம்பி, நல்லா யோசிச்சியளா? இத வாபஸ் வாங்குனா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"உண்மைக்கு எதுக்கு சார் பயப்படணும்?"

"பழைய வீடியோவெல்லாம் பாக்கணுமா? இந்த வருசம் மட்டும் பாத்தாப் போதாதா?"

"எல்லாத்தையும் பாருங்க சார். அப்பத்தான் ஆளு மாறினது தெரியும்."

அவர் பெருமூச்சு விட்டு முத்திரை குத்தினார். பெரிய பதவி, சின்ன நெஞ்சு.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஆட்டம் இல்லை. ஆதிரைக்குக் காதில் புண் இல்லை, நன்றாக ஆறிவிட்டது. தோடு கழன்று விழுந்தால் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் கேட்க ஆளில்லை. வல்லி தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

சங்க அலுவலகத்தில் வீடியோ பார்த்தார்கள். மைதீன் சார், நடுவர் இரண்டு பேர், கொம்பையா, நான். கோச் வேலைக்கு அவனும் மனுப் போட்டிருப்பதால் ஞானதுரையையும் கூப்பிட்டிருந்தார்கள். ஐஸ் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

முதலில் ஆறு வருடத்துக்கு முந்திய இறுதிப் போட்டி. அந்த ஆட்டத்தை வைத்துத்தான் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஞானதுரை பெயர் பட்டியலில் இருந்தது, ஹிட் அதிகம் கொடுத்தான் என்று அடித்துவிட்டார்கள். அன்று அவனைத் தோளில் தட்டி, "அடுத்த ஜென்மத்துல பாத்துக்கிடலாம்" என்று ஆறுதல் சொன்னதே நான்தான்.

திரையில் ஆட்டம் ஓடியது. ஆவுடையப்பன் கல்யாண வீடியோக்காரர் என்பதால் ஓரங்களில் ரோஜாப்பூ போட்டிருந்தார். ஒரு பந்து நேராக என்னிடம் உருண்டு வந்தது. குழந்தை தவழ்ந்து வருகிற வேகம். நான் குனிந்தேன். பந்து என் இரண்டு காலுக்கும் நடுவே போனது. அந்த இடம் பார்த்து மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின.

மைதீன் சார் நிறுத்தினார். "கொம்பையா, இதுக்கு என்ன எழுதியிருக்கிய?"

"ஹிட்டு சார்."

இன்னொன்று. கிளவுஸில் விழுந்து, வெளியே வந்து, என் ஷூ மேல் ஏறி நின்றது. இந்த முறை இரண்டு புறாக்கள் பறந்தன.

"இதுக்கு?"

"ஹிட்டு சார்."

நாலாவதுக்கு அப்புறம் மைதீன் சார் கேட்பதை நிறுத்திவிட்டார். திரையை மட்டும் நிறுத்துவார். கொம்பையா மட்டும் தலையைக் குனிந்தபடி, "ஹிட்டு" என்று சொல்லுவான். ஐந்தாவதில் ஞானதுரை எழுந்து தண்ணீர் குடிக்க வெளியே போனான். ரொம்ப நேரம் குடித்தான்.

அந்தக் கேமராவில் கோணம் சரியில்லை என்று சொன்னேன். மைதீன் சார் கொம்பையா பக்கம் திரும்பினார்.

"ஏன் இப்படிப் பண்ணுன?" என்று மைதீன் சார் கேட்டார்.

கொம்பையா என்னைப் பார்க்காமல் அவரிடமே சொன்னான். "கல்யாணமான புதுசு சார். ஒரு ஆட்டத்துல அத்தானுக்கு ரெண்டு எரர் போட்டேன். மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மூஞ்சி வீங்கியிருந்துச்சு. அடிக்கல்லாம் மாட்டாரு சார். பேசுவாரு. ராத்திரி பூரா சோத்துல உப்பு, கொழம்புல புளி, எங்க அய்யா குடுத்த கட்டிலுன்னு ஒவ்வொண்ணா எடுத்து நக்கலாவே பேசியிருக்காரு. அவ அழுதுக்கிட்டே இருந்திருக்கா. அதுக்கப்புறம் நான் எரர் போடல. அவர் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனா எங்கக்கா நிம்மதியா இருப்பா. அவ்வளவுதான் நெனச்சேன். பந்து போட்ட இவன நெனைக்கல. அது என் தப்புதான்."

அப்புறம் என் பக்கம் திரும்பினான். "நீங்க அன்னைக்கு அந்தக் கடுகு பேச்சு பேசலன்னா, சாகுற வரைக்கும் அப்படியே எழுதியிருப்பேன் அத்தான்."

கொம்பையாவை ஸ்கோரர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

நான் கை ஓங்கினதே கிடையாது. அதை அவனே சொல்லிவிட்டான். எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 20, திங்கள்

சோற்றில் உப்பு கூடுதலாக இருந்தது. சாப்பிட்டேன். வல்லி கதவோரம் நின்று நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினொரு வருடமும் அங்கேதான் நின்றிருக்கிறாள் போல. நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 22, புதன்

வீடியோ இருக்கிற ஆட்டங்களை மட்டும் வைத்துச் சங்கம் திருத்திய கணக்கு வெளியிட்டது. நூற்றுக்கு எழுபத்தொன்பது. பதினொரு ஷார்ட்ஸ்டாப்புகளில் பத்தாவது இடம். எனக்கும் கீழே ஒருவன் இருக்கிறானே என்று ஆறுதலோடு தேடிப் பார்த்தேன். திருச்செந்தூர்க்காரன். மொத்தமே ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறான், அதிலும் பாதியில் முழங்கால் பிசகி ஆஸ்பத்திரிக்குப் போனவன்.

வடைச்சட்டி விருதுநகர்க்காரன் எனக்கு இரண்டு இடம் மேலே.

பிட்சர்கள் பட்டியலில் ஞானதுரை முதல் இடம். இரண்டாவது ஆள் அவனைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும்.

பிப்ரவரி 24, வெள்ளி

ஞானதுரைக்கு வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் இன்று பருப்புச் சாதம்.

பிப்ரவரி 26, ஞாயிறு

"போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்று வல்லி காலையிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டாள். "வாழ்த்துன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க." அல்வா பொட்டலத்தைக் கையில் திணித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

ஞானதுரை வீடு சமாதானபுரத்தில். வாசலில் ஐஸ் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நாளை கம்பெனியில் ஒப்படைக்க வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான். சண்டை போடுவான் என்று வழியெல்லாம் நினைத்து, அதற்கு நாலு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவன் நாற்காலி எடுத்துப் போட்டான்.

"வாழ்த்துல" என்றேன்.

"ம்."

அவன் மனைவி டீ வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் வண்டியின் கதவையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"அந்த மாநில செலக்சன் போனதுக்கு அப்புறம் நான் வேகமாப் போடுறதையே விட்டுட்டேன்ல. வேகமாப் போட்டா அடிச்சிருவானுவன்னு பயம். ஒவ்வொரு வாரமும் எத மாத்தணும்னு யோசிப்பேன். கைய மாத்திப் பாத்தேன், கால மாத்திப் பாத்தேன். வண்டி ஓட்டும்போதுகூட அதே நெனப்பு. கடைசில எனக்கு அவ்வளவுதான் வரும்னு விட்டுட்டேன். ஆறு வருசம்." கதவில் வடிந்த தண்ணீரைக் கையால் வழித்தான். "அவனுவ அடிக்கவே இல்ல போலருக்கு."

தயாராக வைத்திருந்த நாலு பதிலில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"கொம்பையா மேல எனக்குக் கோவமில்ல. அவன் அக்காவுக்காகப் பண்ணிருக்கான். ஒன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஒனக்குத் தெரியாதுன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அந்த வீடியோவுல நீ ஒவ்வொரு தடவ பந்த விட்டப்புறமும், மொத காரியமா ஸ்கோரர் மேசயத் திரும்பிப் பாக்குத. பந்து எங்க போச்சுன்னு பாக்கல. மேசயப் பாத்துட்டுத்தான் பந்த எடுக்கவே ஓடுத. அஞ்சு தடவயும். ஏம்ல?"

"வெயிலு கண்ணுல அடிச்சுதுல" என்றேன்.

"சாயங்கால மேட்ச்சு அது. வெயிலு மேக்க இருந்துச்சு. மேசயும் மேக்கதான் கெடந்துச்சு. வெயிலுக்குக் கூசுனவன் வெயிலப் பாத்தா திரும்புவான்?"

இதைச் சொன்னபோது அவன் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் நானும் ஏறியிருப்பேன். ஏதாவது நக்கலாகச் சொல்லி எழுந்து வந்திருப்பேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அவனே டம்ளரை என் பக்கம் நகர்த்தினான். "டீ ஆறுது. குடி."

குடித்தேன். சீனி போட மறந்திருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்துவிட்டு வந்தேன்.